முதல் டைல்ஸ் எங்கே வைப்பது

"முழு டைல்ஸ் வாசல்ல வரணும்க்கா. வெட்டுத் துண்டெல்லாம் கக்கூஸ் கோப்பைக்குப் பின்னால ஓரமாப் போயிரணும். கண்ணு போற எடத்துல முழுசு, கண்ணு போவாத எடத்துல துண்டு. எந்த வூட்டுக்குப் போனாலும் இதான் கணக்கு" என்றார் மேஸ்திரி.

"இந்த வூட்ல அந்தக் கணக்கு வேணாம்" என்றேன்.

அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. டைல்ஸ் ஒட்டுகிற எவரும் முதலில் சொல்வது இதுதான். ஆனால் "கண்ணு போற எடம்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அந்தக் குளியலறையும் கக்கூசும் யாருக்காகக் கட்டுகிறோமோ அவருக்குக் கண் தெரியாது. அவர் என் நைனா. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து, நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நைனாவுக்குச் சர்க்கரை. முதலில் இடது கண் போனது, அடுத்த வருடத்துக்குள் வலதும் போய்விட்டது. அதற்கு முன்பு வரைக்கும் எங்கள் குப்பத்து ஆண்கள் எல்லோரையும் போல அவரும் விடியற்காலையில் ஏரிக்கரை வேலிக்காத்தான் புதர்ப் பக்கம் போய்வந்துவிடுவார். பார்வை போன பிறகும் விடாமல் தனியாகத்தான் போனார். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது, மணல் எங்கே இறுகுகிறது என்று பார்த்துப் போய்விடுவேன் என்பார். போயும் வந்தார். பிறகு ஒருநாள் யாரோ மண் எடுத்த பள்ளத்தில் விழுந்துவிட்டார். வலை காயப்போட வந்த இரண்டு பெண்கள்தான் அவரைத் தூக்கினார்கள். எந்த நிலையில் தூக்கினார்கள் என்பதை அண்ணி என்னிடம் போனில் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நைனா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போவதற்கு மட்டும்தான் ஒப்புக்கொண்டார். அண்ணன் கருக்கலில் கடலுக்குப் போனால் மதியம் கரைக்கு வருவான், சில நாள் பொழுது சாய்ந்துவிடும். அண்ணி கைப்பிடித்தால் ஆகாது. நான் பொன்னேரியிலிருந்து போகும் நாட்களில் நான் பிடித்தாலும் ஆகாது, முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். மாத்திரைக்கு இரண்டு மிடறு, சாப்பாட்டோடு இரண்டு மிடறு, அவ்வளவுதான். உதடு வெடித்திருக்கும், கேட்டால் தாகமே இல்லை என்பார். பொன்னேரி டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இப்படியே போனால் கிட்னி இரண்டும் போய்விடும், ஒழுங்காகத் தண்ணீர் குடிக்க வையுங்கள் என்று என்னைத்தான் திட்டினார். நான் என்ன, புனல் வைத்தா ஊற்ற முடியும்?

அப்போதுதான் கட்டிலிருக்கும் அறையை ஒட்டியே கக்கூசும் குளியலறையும் சேர்த்துக் கட்டுவதென்று முடிவானது. கையைப் பிடிக்க யாரும் வேண்டாம், அவரே எழுந்து போய் அவரே வரவேண்டும். அப்படிப் போய்வர முடிந்தால் தண்ணீர் குடிப்பார், இல்லையென்றால் குடிக்க மாட்டார். எல்லாம் இந்த ஒன்றில்தான் இருந்தது. சுவரை அண்ணன் கடலுக்குப் போகாத நாட்களில் தானே கட்டினான். கூரை போட்டாயிற்று, குழாய் இறக்கியாயிற்று. தரையை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பொன்னேரியில் நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி ஆறு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினேன்.

நான் காலில் சக்கரம் கட்டியவள் என்று என் புருஷன் சொல்வார். உண்மைதான். தையல் மிஷின்களுக்கு நடுவே நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிற சூப்பர்வைசர் வேலை எனக்கு. மடிப்பு ஒரு நூல் பிசகினாலும் பிரிக்கச் சொல்லி நிற்பேன். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது. அந்த ஆறு நாளும் அப்படித்தான் இருந்தேன். தூங்கிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தத் தரைக்கும் மணல் குவியலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் ஒட்டுவார்களே, வரிவரியாக மேடு வைத்த பார்க்கிங் டைல்ஸ், அதை வாசலிலிருந்து கோப்பை வரைக்கும் ஒரு வரிசை ஒட்டிவிடுவது. மற்ற இடமெல்லாம் வழுக்காத சாதா டைல்ஸ். வெறுங்காலுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். மேட்டின் மேலேயே நடந்தால் கோப்பையில் போய் முட்டுவார். கடையில் இதைக் கேட்டபோது, "இன்னா வண்டிக்கா வெச்சிக்கீறீங்க?" என்றார் கடைக்காரர். "ரெண்டு கால் வண்டி" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரி அனுப்பம்பட்டுப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். ஐம்பது வயது இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரர். வந்ததும் சாமானைக்கூட இறக்காமல் மூலைக்கு மூலை அளந்தார். ஒரு சுவரில் மூன்றடி, மறு சுவரில் நான்கடி குறித்துவிட்டுக் குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று டேப்பைப் பிடித்தார். வரவில்லை.

"வலது பக்கத்துச் சுவரு கோணலாக் கீதுக்கா. வாசல்லேர்ந்து போவப் போவ நாலு விரக்கடை உள்ள வாங்கிக்கினு வருது. யாரு கட்டுனது?"

"எங்க அண்ணன்."

"மேஸ்திரியா?"

"போட்டுல போறவரு."

"அதான்" என்றார்.

அடுப்படியிலிருந்து அண்ணி, "அவரு கட்டுன சொவரு நிக்குதேனு சந்தோசப்படுங்க" என்று குரல் கொடுத்தாள்.

சுவர் கோணலாக இருந்தால் சுவரை நம்பக் கூடாது, நடுவில் நேராக ஒரு கோடு அடித்து அதிலிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டும், ஓரத்தில் வரும் கோணல் துண்டுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நடுக்கோடு வேண்டாம், என் பார்க்கிங் வரிசைதான் முதலில், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் என்பது என் கட்சி. ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் அவர் கையை உதறிக்கொண்டு, "சரி, உங்க கோட்டை நீங்களே போட்டுக் குடுங்க. நான் அது மேல ஒட்டறேன்" என்று பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கோடு போடுவதற்கு எங்கள் ஊரில் யாரும் டேப் தேட மாட்டோம். ஏரியிலும் கடலிலும் நேற்று மீன் பட்ட அதே இடத்துக்கு இன்று திரும்பிப் போக வேண்டுமென்றால் தண்ணீரில் என்ன குறி வைக்க முடியும்? கரையைப் பார்ப்போம். லைட்ஹவுஸ் அந்த ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் வரவேண்டும். அந்தப் பக்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்து கிரேன் கோயில் கோபுரத்துக்கு நேராக வரவேண்டும். இரண்டும் கூடிவந்தால் அதுதான் இடம். இப்போது எல்லாருடைய போனிலும் மேப் இருக்கிறது. இருந்தும் அண்ணன் ஒருமுறை தலையைத் தூக்கிக் கிரேனைப் பார்க்காமல் வலையை இறக்க மாட்டான். கரையில் பந்தல்கால் நடுவதானாலும், கல்யாண வீட்டில் சீரியல் லைட் கட்டுவதானாலும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அடையாளத்தை ஒன்றாக்கிப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். யாரும் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை, எங்களுக்கு அது கை தானாக மூக்கைச் சொறிகிற மாதிரி.

நானும் அதையே செய்தேன். வாசற்படியின் நடுவில் ஒரு ஆணி அடித்தேன். அதில் நைலான் நூலைக் கட்டிக் கோப்பை உட்காரப்போகும் குழாயின் நடுவுக்கு இழுத்தேன். பிறகு வாசலில் குந்தி, இடது கண்ணை மூடி, குழாயும் அதற்கு மேலே இருந்த ஜன்னலின் நடுக்கம்பியும் ஒன்றன் மேல் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தேன். அரை விரல் தள்ளி இருந்தது. நூலை நகர்த்தினேன், பார்த்தேன், எழுந்து நடந்தேன், திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். எட்டிப் பார்த்த அண்ணி, "இன்னாடி, உள்ள கடமா மீனு வுழுந்துக்கீதா?" என்று கேட்டாள். கடைசியில் ஆணி, குழாய், ஜன்னல் மூன்றும் ஊசியில் கோத்த மாதிரி நின்றன. எனக்கு அப்படி ஒரு பெருமை.

மேஸ்திரி வந்து பார்த்தார். "நேராத்தான் கீது" என்று ஒப்புக்கொண்டார். சிமெண்ட் போடாமல் டைல்ஸை வெறுமனே பரப்பிப் பார்க்க ஆரம்பித்தோம். ஒட்டுவதற்கு முன்பு இப்படிப் பரப்பிப் பார்த்தால்தான் எங்கே முழுசு வருகிறது, எங்கே துண்டு வருகிறது என்று தெரியும். எனக்கு அதற்குள் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு டைல்ஸ் வைப்பதற்குள் அடுத்ததை எடுத்துக் கையில் கொடுப்பேன். இடுக்கு சமமாக இருக்கிறதா என்று அவர் தோள் வழியாக எட்டிப் பார்ப்பேன். கம்பெனியிலிருந்து போன் வந்தால் பேசிக்கொண்டே வந்து காலால் ஒன்றை நகர்த்திவிடுவேன்.

"யக்கா, ஒரு எடத்துல குந்துங்களேன். நீங்க நடக்க நடக்க டைல்ஸும் கூடவே நடக்குது" என்றார்.

"குந்துனா வேல முடிஞ்சிருமா?"

"நின்னாலும் அதே நேரம்தான் ஆவும்."

சாயங்காலம் நான்கு மணிக்குப் பரப்பி முடித்தோம். வாசலில் முழு டைல்ஸிலிருந்து ஆரம்பித்து ஏழு பார்க்கிங் டைல்ஸ் வரிசையாகக் கோப்பைக் குழாயில் போய் முடிந்தன. பார்க்க அழகாக இருந்தது. சிமெண்டைக் குழைப்பதற்கு முன்பு நைனா ஒருமுறை நடந்து பார்த்துவிடட்டும் என்று கூப்பிடப் போனேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"நைனா, எழுந்து வா. நடந்து பாரு."

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு ஒட்டிருவாரு. இப்பவே வா."

"எனக்கு எதுக்குமா இதெல்லாம். காலைலேர்ந்து ஒரே சத்தம், தல வலிக்குது. உங்களுக்கு வேணும்னா கட்டிக்குங்க."

நான் பொறுமைசாலி இல்லை. வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது, அதற்கு முந்தைய ஆறு மாதத்தது, எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. "எனக்கா கட்றேன்? தண்ணி குடிக்காம நீ செத்துருவ நைனா. டாக்டர் என்கிட்ட சொன்னாரு. வெக்கப்பட்டு வெக்கப்பட்டே செத்துருவ. அம்மாவ அனுப்பிட்டேன், உன்னையும் அனுப்பிட்டு நான் இன்னா பண்றது?" என்று கத்திவிட்டேன். உள்ளே மேஸ்திரி கரண்டியைச் சுரண்டுகிற சத்தம் நின்றுபோனது. அண்ணி வாசல்வரை வந்து திரும்பிப் போனாள். வெளியாள் முன்னால் இப்படிப் பேசிவிட்டோமே என்று எனக்கே அவமானமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

நைனா எழுந்து உட்கார்ந்து காலைத் தரையில் வைத்தார். "எந்தப் பக்கம்?" என்றார்.

நான் ஓடிப்போய்ப் புது வாசலில் நின்றுகொண்டு, "இங்க நைனா, நேரா வா" என்றேன். அவர் கையை முன்னால் நீட்டியபடி வந்தார். குரலை வைத்து வந்தவர் பீரோவில் இடித்துக்கொண்டார். "இப்டி, இப்டி" என்றேன். அடுத்து கதவுச் சட்டத்தில் தோள் இடித்தது. ஒரு வழியாக உள்ளே வந்து முதல் பார்க்கிங் டைல்ஸ் மேல் கால் வைத்தார். பாதத்தால் தேய்த்துப் பார்த்தார். வரி தெரிந்தது என்பது அவர் முகத்திலிருந்தே புரிந்தது. அடுத்த நிமிடமே அவர் வலது கை தானாகப் போய் வலது பக்கத்துச் சுவரைத் தொட்டது. கை சுவரோடு போயிற்று, உடம்பு கையோடு போயிற்று, கால் உடம்போடு போயிற்று. அண்ணன் கட்டிய சுவர் கோணல். என் வரிசையோ ஊசியில் கோத்த மாதிரி நேர். நாலாவது டைல்ஸிலேயே ஒரு கால் மேட்டை விட்டு இறங்கிச் சாதா டைல்ஸில் நின்றது. அடுத்த அடியில் இன்னொரு காலும் இறங்கியது. நைனா அங்கேயே நின்றுவிட்டார்.

"வரிசை போயிடுச்சி" என்றார்.

"சொவத்தத் தொடாத நைனா. காலப் பாத்து வா."

"தொடாம எப்டிமா வர்றது?"

அவரே கேட்டார். "இத எத வெச்சு நேர் பண்ண?"

"வாசல்ல ஆணி அடிச்சேன். கோப்பைக் குழாயையும் ஜன்னலையும் ஒண்ணாப் பாத்து நூல் புடிச்சேன்."

"பாத்தா புடிச்ச?"

"பாத்துத்தான்."

நைனா தலையை ஆட்டினார். கோபமாக இல்லை, கேலியாகவும் இல்லை. "கடல்ல பாக்குற மாரி பாத்துக்கீற. நான்தானே பாக்க முடியாதவன்" என்றார். பிறகு, "நீ வாசல்ல நின்னு கூப்டுறதா இருந்தா எனக்கு எதுக்குமா டைல்ஸு, கையே புடிச்சிக்கலாமே" என்று சொல்லிவிட்டு, வந்த வழியைச் சுவரில் தடவிக்கொண்டே திரும்பிப் போனார். கட்டிலைத் தேடுவதற்கு அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. நான் போய்ப் பிடிக்கவில்லை.

காலையில் மேஸ்திரியிடம் கண்ணைப் பற்றிச் சண்டை போட்டவள் நான். அதே வாயோடு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கண் தெரியாதவருக்குப் பாதை போட்டிருக்கிறேன். மணல் குவியல் மேல் போய் உட்கார்ந்து அழுதேன். மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்று, "யக்கா, நாளைக்கு எடுத்துட்டு மாத்திக்கலாம். ஒட்டலியே, சும்மாதானே பரப்புனோம். அதுக்குத்தான் பரப்பிப் பாக்கறது" என்றார். அந்த மனுஷனிடம் காலையில் எப்படிப் பேசினேன் என்று நினைத்து இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் நான் ஆணியையும் நூலையும் தொடவில்லை. நைனாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "எந்தக் கால முதல்ல வெப்ப?" என்று கேட்டேன். இத்தனை நாளில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. கட்டிடம், குழாய், கோப்பை, டைல்ஸ் நிறம் எல்லாம் அண்ணனிடம் கேட்டேன், அண்ணியிடம் கேட்டேன், கடைக்காரரிடம்கூடக் கேட்டேன்.

"இடது கால்" என்றார். வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் சிமெண்ட் தரை ஏற்கெனவே கொஞ்சம் வழவழவென்று இருந்தது, தினமும் அங்கேயேதான் வைத்திருக்கிறார். நான் சாக்பீஸால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். அவருக்குக் கூச்சமாக இருந்தது, விரலை மடக்கிக்கொண்டார்.

"அப்பால?"

"அப்பால செவுரு. வலது கைக்குச் செவுரு கிடைச்சிட்டா போதும். செவுத்தோட போயிருவேன்."

கட்டிலை நகர்த்தி வலது சுவரை ஒட்டிப் போட்டோம். அதே சுவர்தான் கதவைத் தாண்டிக் குளியலறைக்குள்ளும் போகிறது, அண்ணனுடைய கோணலோடு. பீரோவை எதிர்ப்பக்கம் தள்ளினோம். நைனா புது இடத்தில் மறுபடி இடது காலை வைத்தார், அங்கேயும் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். எல்லாம் முடிந்ததும் நான் மேஸ்திரியிடம், "முதல் டைல்ஸ் இங்க" என்று சாக்பீஸ் பாதத்தைக் காட்டினேன்.

அவர் அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாத்ரூம் டைல்ஸ் பாத்ரூம்ல ஆரம்பிக்கும்க்கா. இது ரூமு. நல்ல தரைய ஒடைக்கணுமா?"

"ஒடைக்கணும்."

"வூட்டுக்காரங்க ஒத்துக்குவாங்களா?"

வீட்டுக்காரி அண்ணிதான். புதுக் கல்யாணத்தில் அவள் ஆசைப்பட்டுச் சிவப்புச் சிமெண்ட் பால் தேய்த்த தரை அது. அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சாக்பீஸ் பாதத்தைப் பார்த்தாள். "ஒடச்சிக்கோங்க. எனக்கும் தொடைக்கிற வேல கொறையும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போனவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

நான்தான் சித்தாள். மேஸ்திரி உளியால் கொத்தினார், நான் பெயர்த்ததை வாரிப் போட்டேன். பிறகு மறுபடியும் சும்மா பரப்பினோம். இந்தத் தடவை கட்டிலடியிலிருந்து ஆரம்பித்து, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, சுவர் எப்படிப் போனதோ அப்படியே. சுவர் வளைந்த இடத்தில் வரிசையும் வளைந்தது. மேஸ்திரி அடிக்கடி தலையைச் சாய்த்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். "கோப்பைக்கு நடுவுல வராதுக்கா. நாலு விரக்கடை தள்ளி வரும்" என்றார்.

கட்டிலிலிருந்து நைனா, "குந்தப் போறவன் நான்தானே. நான் தள்ளிக் குந்திக்கிறேன்" என்றார். மேஸ்திரியிடம் அவராக வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சு. மேஸ்திரி சிரித்துவிட்டார்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. கட்டிலிலிருந்து எண்ணி வந்தால் பத்து முழு டைல்ஸும் ஒரு அரையும் வந்தன. அந்த அரைத் துண்டை எங்கே ஒளிப்பது? கடைசியில் கோப்பையடியில் போட்டுவிடலாம் என்றார் மேஸ்திரி. நான் நைனாவைப் பார்த்தேன்.

"கதவு எங்க வருது?" என்று நைனா கேட்டார்.

"நாலாவதுக்கு அப்பால."

"அங்க போடுங்க அந்த அரைய. ரூமு முடிஞ்சி, ஈரம் ஆரம்பிக்குதுனு காலுக்குத் தெரியட்டும்."

மேஸ்திரி வாசலில் துண்டு வைப்பதா என்று வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒரு டைல்ஸைச் சரிபாதியாக அறுத்துக்கொண்டு வந்தார். முப்பது வருடத்தில் வாசலில் துண்டு வைப்பது இதுதான் முதல் தடவை என்று என்னிடம் சொன்னார். அதை ஒட்டும்போது மற்றதைவிட அதிகமாகத் தட்டித் தட்டி மட்டம் பார்த்தார்.

நாலாம் நாள் ஒட்டி முடித்தார். ஐந்தாம் நாள் இடுக்குகளை அடைத்துக் கோப்பையை உட்கார வைத்தார். "நாளைக்குக் காலைல வரைக்கும் எவனும் கால் வெக்கக் கூடாது. யக்கா, உங்களத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது கட்டில் பக்கம் போய், "வரேன் பெரியவரே" என்றார். நைனா அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் நான் பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விடிந்ததிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. தரை காய்ந்துவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். வாளியை இந்தப் பக்கம் வைத்தேன், அந்தப் பக்கம் வைத்தேன். நைனா காப்பியில் பாதியை மிச்சம் வைத்தார். பத்து மணிக்கு நேராகவே கேட்டேன்.

"நைனா, ஒருவாட்டி நடந்து பாரேன். நான் இருக்கும்போதே."

"நீ இருக்கும்போது வேணாம்."

"எதுனா தப்பா இருந்தா மேஸ்திரிய கூப்டணும்ல?"

"நீ கெளம்பு. பஸ்ஸு போயிடும்."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. நான் போட்ட டைல்ஸ், நான் அள்ளிய மண், நான் உடைக்கச் சொன்ன தரை, எனக்கு மட்டும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, அவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தேன். தெரு முனையில் ஒருமுறை திரும்பலாமா என்று நின்றேன். திரும்பினால் அவர் காதுக்கு என் செருப்புச் சத்தம் போய்விடும் என்று நடந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஏரியைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன், பக்கத்தில் இருந்த அம்மா, "எறங்கணுமா?" என்று கேட்டார். வழுக்கியிருப்பாரோ, கதவுச் சட்டத்தில் இடித்துக்கொண்டிருப்பாரோ, அந்த அரை டைல்ஸில் கால் தடுக்கியிருக்குமோ. அண்ணிக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று நானே பத்துவிதமாக யோசித்துவிட்டேன்.

பொன்னேரி நெருங்கும்போது அண்ணியே கூப்பிட்டாள்.

"இன்னாடி அத்தினிவாட்டி அடிச்சிக்கினு கீற?"

"நைனா எழுந்து போனாரா?"

"யாருக்குத் தெரியும்? என்னிய வெளிய போவச் சொல்லிக் கதவ சாத்திக்கினாரு. நான் தெருவுலதான் குந்திக்கினு இருந்தேன். தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுது. அப்பால அவரே வந்து கதவத் தொறந்தாரு."

"வுழலியே?"

"வுழுந்தா தொறப்பாரா? இரு, இது கேளு. தொறந்ததும் சொம்பக் கேட்டாரு. நின்னுக்கினே முழுச் சொம்பும் குடிச்சிட்டாரு. இப்ப இன்னொன்னு கேக்குறாரு. குடுக்கட்டா?"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதுகொண்டே, "குடு அண்ணி, கேக்குற வரைக்கும் குடு" என்றேன்.